கஸ்பார் தண்டல் வீட்டு மூன்று கிளாஸ் காப்பி

முப்பத்தாறு வருஷம் கோயில்பிள்ளையாக இருந்தேன். அத்தனை வருஷத்தில் ஒரு துக்கமணிகூட நான் பிந்தி அடித்ததில்லை. ஊரில் ஒரு ஆத்துமா பிரிந்தால் அரைமணி நேரத்தில் என் மணி அதை ஊருக்குச் சொல்லிவிடும்.

இது பொய். ஒரு துக்கமணி பிந்திவிட்டது. அரைமணி, ஒருமணி இல்லை. நாலு நாள். ஆரம்பத்திலேயே பொய் சொல்கிற ஆள் என்று தெரிந்த பிறகும் மேலே வாசிக்கிறவர்கள் வாசிக்கலாம். நான் வற்புறுத்தவில்லை.

எழுதச் சொன்னவர் எங்கள் புதுப் பங்குச்சாமி. வயது குறைவு என்பதால் நான் சின்னச்சாமி என்றுதான் சொல்வேன். நல்ல பிள்ளை. வந்ததும் பூசையைப் போனில் பார்க்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தார். தினமும் காலையில் ரோசாப்பூவும் கும்பிட்ட கையுமாக வந்து விழுகிறது. போன மாதம் ஞாயிறு பூசையில் ஒரு அறிவிப்புச் செய்தார்: தனிமையில் இருப்போர் மன்றம், மாலை ஐந்து மணி, பங்கு மண்டபம், டீயும் வடையும் உண்டு.

ரெண்டு பேர் வந்தோம். ஒருவர் சாமி. இன்னொருவன் வடைக்காக வந்த நான்.

"என்ன அண்ணாச்சி, நம்ம பங்குல ஒருத்தரும் தனியா இல்லையா?" என்றார்.

"சாமி, வயித்தால போறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்கன்னு மைக்குல கூப்பிட்டா நீங்க எழும்பிப் போவீங்களா? அது மாதிரிதான். எங்க ஆளு சாகச் சொன்னாலும் சாவான், நா தனியா கெடக்கேன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்ல மாட்டான்."

சிரித்தார். பிறகு, "அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். வழக்கம்போல எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அதற்குள் கஸ்பார் தண்டல் ஞாபகம் வந்துவிட்டது. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "எழுதித் தாங்க, பங்கு மலர்ல போடுவோம்" என்றார். நான் ஐந்தாம் வகுப்பை முடித்தவன் இல்லை. ஐந்தாம் வகுப்புதான் என்னை முடித்தது. எழுத்துப்பிழைகளைச் சாமி திருத்திவிடுவார். மற்ற பிழைகளைத் திருத்த அவராலும் முடியாது.

கோயில் வேலைக்கு நான் வந்ததில் பெரிய தேவ அழைத்தல் எதுவும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. கயிறு இழுக்க மட்டும் முதுகு சம்மதித்தது. மணி அடிக்க, மெழுகுதிரி ஏற்ற, பீடத்துணி மாற்ற, கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே முகத்தோடு நிற்க, எல்லாம் ஆறு மாதத்தில் படித்துக்கொண்டேன். அந்த ஒரே முகம் மட்டும் இன்றுவரை வரவில்லை. சாவு வீட்டில் என்னைப் பார்த்ததும் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

நான் சொல்லப் போவது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது இருந்தவர் பெரிய சாமி. ஆள் உயரமும் அதிகம், பேச்சும் குறைவு. ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தில் துடைப்பார். துடைத்து மாட்டுவதற்குள் பதில் வந்திருக்க வேண்டும். மற்றப் பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாமிமார் பைக்கில் போய் நோயாளிகளுக்கு நன்மை, அதாவது ஆண்டவரின் உடலான அப்பம், கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். எங்கள் சாமி நடந்துதான் போவார். நற்கருணை பைக்கில் ஏறாது என்பது அவர் கட்சி.

அதற்கு ஒரு முறை உண்டு. முந்தின வியாழக்கிழமை மாலை பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் என்னை நிற்கவைத்து நோட்டைத் திறப்பார். படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் பெயர் பென்சிலில் இருக்கும். ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒரே கேள்வி கேட்பார்: "எழும்பி நடக்காரா?" நடக்கவில்லை என்றால் பெயர் இருக்கும். நடந்தால் ஒரு கோடு. நடக்கிறவர் கோயிலுக்கு வர வேண்டும், அது சட்டம். கண்டிப்புக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே படுத்துக் கிடக்கிறவருக்கு நேரம் குறையக் கூடாது என்பது அவர் கணக்கு.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் புறப்படுவோம். நான் முன்னால். ஒரு கையில் கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகுதிரி, இன்னொரு கையில் சின்ன மணி. மந்திரி காருக்கு முன்னால் போகிற ஜீப் மாதிரி. சாமி பின்னால், நன்மைச் சிமிழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வருவார். வழியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் ஆண்டவரை நிறுத்திவைத்துவிட்டு ஊர்க்கதை பேசுவதாகும். மணிச்சத்தம் கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு வந்து முழங்காலில் இருப்பார்கள். நோயாளி வீட்டில் வெள்ளைத் துணி விரித்த மேசை, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், ரெண்டு மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர். செபம், நன்மை, ஒரு நிமிஷம் மௌனம், ஆசீர்வாதம். ஒரு வீட்டுக்கு ஏழு நிமிஷம், பதினாலு வீடு. வாய் திறக்காமல் நான் இருந்த நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று என் பெண்சாதி உயிரோடு இருந்தவரைக்கும் சொல்வாள்.

அந்தப் பதினாலில் ஒரு வீடு கஸ்பார் தண்டலுடையது. தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு போன ஆள். பதினோரு பேரை வைத்துத் தோணி ஓட்டியவர், கடைசியில் நாலு அறை வீட்டில் தனியாக இருந்தார். பெண்சாதி இறந்துவிட்டாள். ஒரே மகள் மெர்சி மஸ்கட்டில் நர்ஸ். அவர் இருந்த சந்தில் ஒன்பது வீடு. ஆறு வீட்டில் பூட்டு. எல்லாரும் சென்னை, துபாய், கனடா.

குளியலறையில் விழுந்து தொடை எலும்பு முறிந்ததால் நோட்டில் அவர் பெயர் ஏறியது. முதல் வெள்ளியே பார்த்தேன். மேசையில் கேட்டதெல்லாம் இருந்தது. கேட்காததும் இருந்தது: மூன்று கிளாஸ் கருப்பட்டிக் காப்பி, மேலே சாசர் போட்டு மூடி. கட்டிலுக்குப் பக்கத்தில் ரெண்டு நாற்காலி. ஆசீர்வாதம் முடிந்ததும், "சாமி, ஒரு வாய் காப்பி…" என்றார். சாமி கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு வெளியே நடந்தார். சிமிழில் ஆண்டவர் இருக்கும்போது உட்கார மாட்டார், குடிக்க மாட்டார்.

"எலே சவரி, நீயாவது உக்காரு."

"தண்டலே, அடுத்து நாலு வீடு கெடக்கு. மெழுகுதிரி பாதிதான் இருக்கு வே."

"மெழுகுதிரிதானல, நா தாரேன்."

நான் சிரித்துக்கொண்டே மணியை எடுத்துக்கொண்டு சாமி பின்னால், இல்லை, சாமிக்கு முன்னால் ஓடினேன்.

இப்படிப் பதினொரு மாதம். மாதம் மூன்று கிளாஸ். அவர் ஒரு கிளாஸைக் குடித்திருப்பார். மற்ற ரெண்டையும் என்ன செய்தார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஆளுக்கு யார் காப்பி போட்டார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பெரிய சிஐடி மாதிரி கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு சனிக்கிழமை மீன் சந்தையில் ஆள் மாட்டிக்கொண்டார். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் பை. சாளை மீன் விற்கிற பொம்பளையிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் திருடன் முகமாகிவிட்டது. ஏதோ சொல்ல வந்தார்.

நான் அவரைச் சொல்லவிட்டேனா? எதிரே டீக்கடையில் பத்து ஆள் உட்கார்ந்திருந்தார்கள். பத்து ஆளைக் கண்டால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"எய்யா, எல்லாரும் வந்து பாருங்க! வேதத்துல முப்பத்தெட்டு வருஷம் நோயாக் கெடந்தவன் ஆண்டவர் சொன்னதும் படுக்கையச் சுருட்டிட்டு நடந்தாம்லா? நம்ம தண்டல் நேத்துப் படுக்கைல நன்மை வாங்கிட்டு, இன்னைக்குப் பையச் சுருட்டிட்டு சாளைக்கு நடக்காரு! புதுமை வே, புதுமை! ரோமாபுரிக்கு எழுதிப் போடுங்க!"

சந்தையே சிரித்தது. சாளை விற்றவள் ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டு, "இந்தாரும் அர்ச்சிஷ்டவரே" என்று புனிதர் பட்டமும் கொடுத்தாள். தண்டலும் சிரித்தார். சிரித்தார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். மீனை அங்கேயே வைத்துவிட்டு, பையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வியாழக்கிழமை சாமி நோட்டைத் திறந்தார். "கஸ்பார். எழும்பி நடக்காரா?"

நடக்கிறார் என்று சொன்னால் போதும். அல்லது, சாமி, ஆனால் ஒரு விஷயம், என்று அந்த நாற்காலியையும் காப்பியையும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "நடக்காரா? ஓட்டப் பந்தயம் வச்சா நா தோத்துருவேன் சாமி."

சாமி சிரிக்கவில்லை. "அப்போ கோயிலுக்கு வரட்டும்" என்று கோடு போட்டார். பென்சில் கோடு. ரப்பர் வைத்தால் அழிந்துவிடுகிற கோடு.

சாமிக்குச் சந்தைக் கதை தெரியாது. கோயிலுக்கு வந்தால் ஊரே சிரிக்கும் என்பது தண்டலுக்குத் தெரியும். கடைசிவரை அவர் வரவில்லை.

கோடு போட்ட மறுநாள் முதல் வெள்ளி. அடுத்த வீட்டுக்குப் போக அந்தச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். மணியை ஆட்டிக்கொண்டு திரும்பினேன். தண்டல் வாசலில் முழங்காலில் இருந்தார். முறிந்து ஒட்டிய தொடையோடு, ஊன்றுகோலைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவர் தலைக்கு மேலே உள்ளே தெரிந்தது: மேசை, வெள்ளைத் துணி, எரிகிற ரெண்டு மெழுகுதிரி. மூன்று கிளாஸ். அவர் பெயரில் கோடு விழுந்தது அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

நிற்க முடியாது. பேசக் கூடாது. நான் செய்தது என்ன தெரியுமா? மணியைக் கொஞ்சம் வேகமாக ஆட்டினேன். அவ்வளவுதான். கடந்து போய்விட்டோம். சாமி, தெருவில் முழங்காலில் இருந்த மற்றவர்களைப் போலவே அவரையும் நினைத்துச் சிலுவை வரைந்துவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த முதல் வெள்ளி அதே சந்து. பூட்டாத மூன்று வீட்டில் ரெண்டு வீட்டு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். தண்டல் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கோபம் போலிருக்கு, என்று நினைத்தேன். வீம்பைப் பாரு கிழவனுக்கு, என்றும் நினைத்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை கரண்ட் ரீடிங் எடுக்க வந்த ஆள்தான் வாடையைப் பிடித்தது. கதவை உடைத்தார்கள். செவ்வாய்க்கிழமை வாக்கில் போயிருக்கும் என்றார் டாக்டர். அப்படியானால் வெள்ளிக்கிழமை நாங்கள் மணியடித்துக்கொண்டு, ஆண்டவரையும் கூட்டிக்கொண்டு, மூன்று நாள் பிணத்தின் வாசலைக் கடந்து போயிருக்கிறோம்.

துக்கமணிக்கும் முறை உண்டு. இறந்தவர் வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து கோயில்பிள்ளையிடம் துக்கம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கயிற்றைத் தொட வேண்டும். அன்று யார் வந்து சொல்வது? மணிக்கூண்டின் கீழே போய் நின்றேன். பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டு அடித்தேன். வழக்கமாக மணி கேட்டதும் நாலு பேர் ஓடிவந்து "யாருக்கு வே?" என்பார்கள். அன்றைக்கு ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

வைத்திருக்க முடியாத உடம்பு. அன்று மாலையே அடக்கம். கல்லறையிலிருந்து திரும்பும்போது சாமி நேரே தண்டல் வீட்டுக்கு நடந்தார். நானும் போனேன். சன்னலெல்லாம் திறந்து போட்டிருந்தார்கள். மேசையில் வெள்ளைத் துணி அப்படியே. கழுவிக் கவிழ்த்த மூன்று கிளாஸ். சாமி ஒன்றை நிமிர்த்திப் பார்த்தார்.

"இது யாருக்கு சவரிமுத்து?"

"நமக்குத்தான் சாமி."

"எத்தனை மாசமா?"

"பதினொண்ணு… இல்ல, பன்னெண்டு."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார். நான் சந்தையில் சொன்னதையும் வாசலில் பார்த்ததையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

"அந்த முப்பத்தெட்டு வருஷக்காரன்கிட்ட ஆண்டவர் சுகமாகணுமான்னு கேட்டப்போ, அவன் என்ன சொன்னான்?" என்றார்.

"தெரியல சாமி. நடந்த கதைதான் தெரியும்."

"அவன் வியாதியப் பத்திப் பேசவே இல்லை. எனக்கு ஆளில்லைன்னுதான் சொன்னான். நீ பாதிக் கதைய வச்சு சிரிச்சே. நான் பாதிக் கேள்விய வச்சு கோடு போட்டேன்."

அவ்வளவுதான் பேசினார். அடுத்த மாதம் வியாழக்கிழமை நோட்டைத் திறந்தபோது கேள்வி மாறியிருந்தது. எழும்பி நடக்காரா என்று கேட்கவில்லை. "மரியம்மாள். நேத்து அந்தம்மாவோட யார் பேசினாங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "போய்ப் பார்த்துட்டு வா. மணி வேண்டாம், மெழுகுதிரி வேண்டாம். உட்காரு. நீ பேசாதே" என்றார்.

தூக்குத்தண்டனை கொடுத்திருந்தால் சிரித்துக்கொண்டே ஏறியிருப்பேன். பேசாதே என்றால்? முதல் ஒரு மாதம் நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டேன். அந்த வருஷமே நோட்டு பெருத்தது. படுக்கையில் கிடப்பவர் மட்டும் இல்லை. முதுகுவலி, தலைசுற்றல், மழைக்காலத்துச் சளி என்று சொல்லி நன்மை கேட்டவர்கள் பெயரெல்லாம் ஏறியது. பொய் வியாதி என்று தெரிந்தால் சாமி பெயரை அடிக்க மாட்டார்; பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்த வீட்டுக்குத்தான் நான் முதலில் போக வேண்டும். காலையில் ஆண்டவரோடு போன வீட்டுக்கெல்லாம் மாலையில் சாமி சிமிழ் இல்லாமல் தானும் வந்து காப்பி குடித்தார். நானும் குடித்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி வந்ததற்கு முழுப் பொறுப்பும் திருச்சபைதான்.

சின்னச்சாமிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மன்றம் வைத்தால் வர மாட்டார்கள். நோயாளிப் பட்டியலைத் திறந்து வையுங்கள், ஓடி வருவார்கள். அதில் பொய் சொல்லி ஏறினவர் யாரோ, அவர்தான் அதிக நோயாளி.

இதை நான் எழுதுவது என் வீட்டில் இல்லை. ரோசம்மா அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அக்கா என்னைவிட எட்டு வயது மூப்பு. பட்டியலில் முழங்கால் வலி என்று இருக்கிறது. மாடியில் காயப்போட்ட மிளகாயை அள்ள ஏறும்போது அந்த வலி எங்கே போகுமோ தெரியாது. செவ்வாய்க்கிழமை தோறும் வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்த வேலையிலிருந்து மட்டும் ஓய்வு இல்லை. அக்கா எதிரே உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறாள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. இவ்வளவு எழுதினதே அதைத் தள்ளிப்போடத்தான்.

தண்டல் மகள் மெர்சி அடக்கம் முடிந்து ரெண்டாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். லீவு கிடைக்கவில்லை, பிறகு டிக்கெட் கிடைக்கவில்லை. கல்லறை மண்ணில் உட்கார்ந்திருந்தாள். நான் மெழுகுதிரி கொண்டுபோனேன்.

"அண்ணாச்சி, அப்பா கடைசியா எப்போ நன்மை வாங்குனாவ?"

"போன முதல் வெள்ளிம்மா. நாந்தான் மணி பிடிச்சேன்."

"நல்லா இருந்தாவளா?"

"சிரிச்சிட்டு இருந்தாவ."

என் ரெண்டு கையையும் பிடித்து அழுதாள். "அது போதும் அண்ணாச்சி, நீங்களாவது கூட இருந்தீங்களே" என்றாள். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் போன் பண்ணுகிறாள். பங்கு மலரை அங்கே போனில் வாசிக்கிறதாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் இதையும் வாசிப்பாள்.

மெர்சி, நான் சொன்னது பொய். உன் அப்பாவுக்குக் கடைசி ரெண்டு மாதம் நன்மை கிடைக்கவில்லை. பெயரை அடிக்கவைத்தது என் வாய். நான் அவரோடு இருக்கவில்லை. ஒரு கிளாஸ் காப்பிக்குக்கூட உட்கார்ந்ததில்லை. வாசலில் முழங்காலில் இருந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். கடந்து போகிற ஒரு நொடிதான். இதைச் சாமியிடமும் சொல்லவில்லை. அதில் கோபம் இல்லை மெர்சி. அவர் என்னைப் பார்த்து,

"ஏலே சவரி!"

"என்னக்கா?"

"நா இங்கன தொண்டத்தண்ணி வத்தப் பேசிட்டு இருக்கேன், நீ கோழி கிண்டுன மாதிரி கிண்டிட்டே கெடக்க. இப்பம் நா என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்."

"மருமவளப் பத்தி…"

"மருமவளா? அந்தக் கதை முடிஞ்சு அரைமணி ஆச்சு. ராத்திரி நெஞ்சடைக்கி, எழும்பிக் கூப்பிட ஆளில்லன்னு சொல்லுதேன். காது எங்கன வச்சிருக்க? அதத் தூரப் போட்டுட்டு இங்கன வா."

எனக்குக் கேட்கவே இல்லை. ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை.

பேனாவை மூடுகிறேன்.